நிலவறையில் ஃபோட்டோ கழுவும் இருட்டறை: கழிவுத் தண்ணீர் போகச் சரிவுக் குழாயா, பம்பா?

ஹட்டன் பக்கத்து வீடுகளில் ரோட்டுப் பக்கம் மண்ணுக்குள் இருக்கும் அறை, பின்பக்கம் தேயிலையைப் பார்த்துத் திறந்திருக்கும். அப்படியென்றால் பம்பே வேண்டாம். இரண்டு அங்குல பிவிசி குழாயை மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவில் இறக்கினால் தண்ணீர் தானாகப் போகும், கரண்ட் இல்லாவிட்டாலும். செம்பு, பித்தளைப் பொருத்து மட்டும் வேண்டாம், ஃபிக்ஸர் (படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனக் கரைசல்) அரித்துவிடும்.

இதிலொரு சிக்கல் உண்டு. கீழே தோட்டத்து வடிகால் கான், அதற்கும் கீழே யாரோ குளிக்கும் தண்ணீர்ப் பீலி. பழைய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதையும் அதன்பின் வரும் முதல் அலசல் தண்ணீரையும் கேனில் பிடித்து வையுங்கள். மலசலகூடக் குழிக்கும் அனுப்பாதீர்கள், அங்குள்ள பாக்டீரியாவுக்கு ஆகாது.

நாலு பக்கமும் மண் என்றால் மூடிய தொட்டி, மிதவை சுவிட்ச், பம்ப். கூடவே ஒருவழி வால்வு. அது இல்லாவிட்டால் ஏறிய தண்ணீர் திரும்பி விழும், மிதவை எழும்பும், பம்ப் மறுபடி உறுமும். நான் முன்பிருந்த வீட்டில் பம்ப்தான். ஜூன் மழையில் கரண்ட் போன ராத்திரி, பிரிண்ட் கழுவும் குழாயை மூட மறந்துவிட்டேன். கணுக்காலளவு தண்ணீரில் பேப்பர் பெட்டி மிதந்தது.