பிரிட்டன் கட்டுமானத் தளம்: வடிவமைப்பாளர் பொறுப்பு எது, ஒப்பந்ததாரர் பொறுப்பு எது?

பிரிட்டனின் 2015 கட்டுமான விதிகளின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்ததாரர்கள் இருந்தால் முதன்மை வடிவமைப்பாளர், முதன்மை ஒப்பந்ததாரர் என இருவரை உரிமையாளர் எழுத்து மூலம் நியமிக்க வேண்டும்.

வடிவமைப்பாளரின் பொறுப்பு வரைபடத்திலேயே தொடங்குகிறது. உயரத்தில் செய்யும் வேலையைத் தரையிலேயே முடிக்க வழியுண்டா என்று அவர் அப்போதே யோசிக்க வேண்டும்.

ஒப்பந்ததாரரிடம் இருப்பதோ முழுத் தளம். வேலை தொடங்கும் முன்பே பாதுகாப்புத் திட்டம் தயாராக வேண்டும். புதிதாக வருபவருக்குத் தளத்தின் ஆபத்துகளைச் சொல்ல வேண்டும்; வெளியாட்கள் நுழையாமல் தடுக்க வேண்டும்; கழிப்பறை, குடிநீர்கூட அவர் கணக்குதான். அப்புறம், கொத்தனார் தலைக்கு மேலே இன்னொரு குழு வேலை செய்யாதபடி நேரம் பிரிப்பதும் அவரே. உயிர் காப்பதில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

யாரையும் நியமிக்காவிட்டால் இரண்டு பொறுப்பும் உரிமையாளர் தலையில் விழும். சொந்த வீட்டு வேலை என்றால் மட்டும் அப்படியில்லை.