பதினொரு வருடமாகப் பாவித்த கப்பிகள்

அன்னபூரணிக் கப்பலின் மாதிரியை 2014இல் தொடங்கினேன். வல்வெட்டித்துறையில் கட்டி, வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாறி, 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம் வரை போன கப்பல். அதன் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை மரத்தில் செய்து பார்க்க நினைக்கிற பைத்தியங்கள்தான் குறைவு. 89 அடிக் கப்பலை 1:64 அளவில் எடுத்தால் உடல் 42 சென்டிமீட்டர் வரும். மேசையில் வைக்கலாம், மனைவியும் பெரிதாக எதுவும் சொல்லமாட்டா.

உடல் முடிந்து பாய்மரத்துக்குக் கயிறு கட்டத் தொடங்கும்போதுதான் கண்ணில் பூச்சி பறக்கும். கிணற்றுக் கப்பியைச் சுண்டுவிரல் நகத்தில் பாதியாக்கினால் எப்படியோ, அப்படி 3 மில்லிமீட்டர்க் கப்பிகள் நூற்றுக்கு மேல் வேண்டும். அதோடு பாய்மரத்தின் பக்கக் கயிறுகளை இறுக்குகிற மூன்று துளைக் கட்டைகளும் வேண்டும். இங்கிலீசில் 'டெட் ஐ' என்பார்கள். தேங்காயைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது 'முக்கண்' தான். உண்மைக் கப்பலில் பத்து அங்குலமாக இருந்த முக்கண் 1:64இல் நான்கு மில்லிமீட்டர். வெளிநாட்டிலிருந்து எடுத்தால் சாமானின் விலையைத் தபால் கூலி விழுங்கிவிடும்.

அப்போதுதான் ஒரு கூட்டாளி மரம் கடைகிற ஒரு ஐயாவிடம் கூட்டிப்போனார். கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, பிள்ளைகளின் பம்பரம் கடைகிற பட்டறை. ஒருமுறை கொழும்பிலிருந்து ஆரோ கேட்டதற்காகச் சின்னக் கப்பி செய்து பழகியிருக்கிறார். தளவாடக் கடைகள் கழித்துவிட்ட முதிரைத் துண்டுகளை மெல்லிய கோலாகக் கடைந்து, பக்கத்தில் பள்ளம் விட்டு, துளை போட்ட பிறகு சீவல் சீவலாக வெட்டி எடுப்பார். துளை போட ஊசி: கண் முறிந்த தையல் ஊசியைத் தட்டையாகத் தீட்டி வைத்திருந்தார். மூன்று துளையும் சரியான இடத்தில் விழ, ஐந்து சதக் காசு அளவில் ஒரு பித்தளைத் தகடு. கடைசியில் எல்லாவற்றையும் உள்ளே சாண்ட் பேப்பர் ஒட்டிய பால்மா டின்னில் போட்டு, லேத்தில் பூட்டி அரை மணி நேரம் சுழற்றுவார். கூர் விளிம்பெல்லாம் மழுங்கி, கடற்கரைக் கல் மாதிரி வெளியே வரும். மருந்துக்கடைக் கடதாசிப் பையில் பத்துப் பத்தாகப் போட்டு, மேலே பேனையால் '3', '4' என்று எழுதித் தருவார். அவ்வளவுதான் பேக்கிங்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவை எப்படி இருக்கின்றன? மஞ்சளாக இருந்த முதிரை இப்போது தேன் நிறம். ஒன்றுகூடத் தானாக வெடிக்கவில்லை. நான் பாவித்தது பருத்தி நூல், அது என் முட்டாள்தனம். மாரியில் ஈரம் குடித்து இறுகும், சோளகம் அடிக்கிற மாதங்களில் தளரும். இந்த இழுபறியை வருடா வருடம் தாங்கியும் அந்த முக்கண்கள் அசையவில்லை. குறை இல்லாமல் இல்லை. '3' என்று எழுதிய பையில் குறைந்தது இரண்டு 3.4 இருக்கும். பெரியவற்றைத் தெரிந்தெடுத்துப் பாய்மரத்தின் அடியில் போடப் பழகிக்கொண்டேன். கேட்ட தேதிக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. "நாளைக்கு" என்றால் அடுத்த மாதம்.

2022இல் நிறுத்திவிட்டார். மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலம். லேத்தும் நின்றது, அவரும் நின்றார். பிறகு கரண்ட் வந்தது, அவர் திரும்பவில்லை. போய்க் கேட்டேன். "கை நடுங்கேல்லைத் தம்பி. கண்தான் துளையைக் காணுதில்லை" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

அடுத்த வருடம் அவருடைய பெறாமகன் எடுத்து நடத்தத் தொடங்கினார். இளம் பெடியன், எனக்குத் தம்பி மாதிரி. லேசர் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். வாட்ஸ்அப்பில் ஓடர், ஸிப் வைத்த பிளாஸ்டிக் பை, அச்சடித்த லேபல், நாலாம் நாள் கூரியர். 3 என்றால் 3 தான், அளவுகோல் வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல இடமில்லை. விலை மூன்று மடங்கு, ஆனால் எந்தச் சாமான் அப்படி ஏறவில்லை?

முதல் பையைப் பிரித்ததும் விரலில் கரி. லேசர் எரித்துத்தானே வெட்டுகிறது. வெள்ளை நூலைத் துளைக்குள் இரண்டு தரம் இழுத்ததும் அது சாம்பல் நிறமாகிவிட்டது. கரியைச் சுரண்டாமல் ஒட்டினால் மரப்பசையும் சரியாகப் பிடிக்கவில்லை. இதெல்லாம் கழுவித் தேய்த்தால் தீரும் என்று வையுங்கள். தீராத ஒன்று இருந்தது. ஐயா கோலிலிருந்து சீவியதால் நார் முகத்துக்குக் குறுக்கே, அதாவது துளையின் திசையிலேயே ஓடும். தம்பி மரத் தகட்டிலிருந்து வெட்டுவதால் நார் முகத்தின் மேலேயே படுத்திருக்கும். நூலை இறுக்கினால் இரண்டு துளைக்கும் நடுவே விறகு பிளக்கிற மாதிரிப் பிளக்கும். என் இரண்டாவது கப்பலில் அப்படி நான்கு போயின. துளையின் கூர் விளிம்பு நூலை அறுத்தது வேறு.

எழுதி அனுப்பினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அண்ணை, ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ" என்றார். இரண்டு மாதத்தில் மூன்று மெல்லிய தகடுகளை நார் மாற்றி மாற்றி ஒட்டி வெட்டிய புதுச் சாமான் வந்தது. பிளப்பது நின்றுவிட்டது. பக்கத்தில் கோடு கோடாகத் தெரியும், சாயம் அடித்தால் மறையும். பால்மா டின்னையும் பழைய தையல் மெஷின் மோட்டரில் பூட்டிச் சுழற்றுகிறாராம், விளிம்பு இப்போது பரவாயில்லை. ஐயாவின் வழவழப்பு இன்னும் வரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்: கப்பிகளைத் தம்பியிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முக்கண் வாங்கினால் மூன்று தகட்டுச் சாமானா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த வருடம் பூனை அன்னபூரணியின் மேல் பாய்ந்தது. இடப்பக்கத்தில் மூன்று முக்கண்கள் நசுங்கிப் போயின. தம்பியிடமிருந்த நான்கு மில்லிமீட்டரை வைத்துப் பார்த்தேன், அளவு சரி, ஆனால் ஏதோ உறுத்தியது. லென்சால் பார்த்தபோது புரிந்தது. கம்பியூட்டர் போட்ட மூன்று துளையும் அச்சொட்டான முக்கோணம். ஐயாவுடையவற்றில் ஒரு துளை மயிரிழை விலகி நிற்கிறது, எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக. பித்தளைத் தகட்டின் பிழை.

தம்பிக்குச் சொன்னேன். சிரித்தார். தகட்டைத் தேடி எடுத்து, ஐயாவைப் பக்கத்தில் இருத்தி, லேத்தில் முதிரைக் கோல் ஒன்று கடைந்து பத்து முக்கண் அனுப்பினார். கடதாசிப் பைதான், மேலே பேனையால் '4'. மூன்றைப் பூட்டிவிட்டேன். இப்போது எவை புதியவை என்று எனக்கு நிறத்தில்தான் தெரிகிறது.