அம்பத்தூர் கம்பெனியை வாங்க மூன்று வழி: பங்கா, ஸ்லம்ப் சேலா, இணைப்பா?

அம்பத்தூரில் 140 தொழிலாளர்களோடு ஓடும் ஒரு பிரைவேட் லிமிடெட் ஆட்டோ உதிரிபாகக் கம்பெனி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசிய விலை 20 கோடி ரூபாய். அதில் சொந்த நிலமும் கட்டடமும் மட்டும் 8 கோடி பெறும். வருமான வரிக் கணக்கில் 6 கோடி பழைய நஷ்டம் நிற்கிறது: 4 கோடி வியாபார நஷ்டம், 2 கோடி கழிக்க முடியாமல் நின்ற தேய்மானம். வாங்க வருவது ஒரகடத்தில் இருக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடாத இன்னொரு கம்பெனி. இந்த மாதிரிப் பேச்சில் ‘எதில் வரி குறைவு?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பழைய பாக்கி யார் தலையில் விழும், எதை இழந்தால் தொழிலே நின்றுபோகும் என்று கேட்டுவிட்டு வரிக்கு வந்தால் பாதி வழிகள் தானாகவே அடைபட்டுவிடும்.

பங்கை வாங்குவதுதான் சீக்கிரம் முடியும் வழி. முத்திரைத் தீர்வை 0.015%, 20 கோடிக்கு 30,000 ரூபாய். நிலம் கம்பெனி பெயரிலேயே இருப்பதால் பத்திரப் பதிவு கிடையாது. உயரழுத்த மின் இணைப்பு, ஃபேக்டரி லைசென்ஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ஜிஎஸ்டி எண் எல்லாம் இருந்தபடியே இருக்கும். கார் கம்பெனி கொடுத்த வெண்டர் கோடும் (சரக்குக் கொடுப்பவருக்கான அடையாள எண்) மாறாது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பான் எண் மாறினால் புது வெண்டர் கோட் திறக்க வேண்டும். அது திறக்கும் வரை இன்வாய்ஸ் போடவும் முடியாது, காசு வரவும் வராது. நிலம் சிப்காட் குத்தகை மனையாக இருந்தால், பங்கு கை மாறுவதற்கே முன் அனுமதி கேட்கும் நிபந்தனை உண்டா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். பேங்க் கடன் அனுமதிக் கடிதத்தையும் அப்படியே வரி வரியாகப் படியுங்கள்.

இந்த வழியில் கைவிட்டுப் போவது அந்தப் பழைய நஷ்டத்தை லாபத்தில் கழிக்கும் உரிமை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுப்படி, நஷ்டம் வந்த ஆண்டில் இருந்த பங்குதாரர்களிடமே 51% வாக்குரிமை நிற்காவிட்டால் வியாபார நஷ்டத்தை மேற்கொண்டு கழிக்க முடியாது. 4 கோடி போய்விடும். தேய்மானம் 2 கோடி தப்பும். (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறியிருக்கும். இங்கே சொல்லும் வருமான வரிப் பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை.) நியாயச் சந்தை மதிப்புக்குக் கீழே வாங்கினால் வித்தியாசத் தொகை வாங்குபவரின் வருமானமாகவே வரிக்கு வரும். சிறு கம்பெனி வரம்பைத் தாண்டியதென்றால் பங்குகள் டீமேட்டில், அதாவது மின்னணு வடிவில், இருந்தாக வேண்டும். தாத்தா காலத்துக் காகிதச் சான்றிதழோடு இருக்கும் ஒரு பங்குதாரரால் முடிக்கும் தேதியே தள்ளிப்போகும்.

பழைய வரி நோட்டீஸ், பிஎஃப் வழக்கு, வாரண்டி எல்லாம் முழுசாகக் கூடவே வரும். அதற்குத்தான் பொறுப்புறுதி, அதாவது பழைய பாக்கி வந்தால் ஈடுகட்டுவோம் என்ற உறுதி, எழுதி வாங்குவது. அதைக் கம்பெனியிடமிருந்து வாங்கிப் பயனில்லை: கம்பெனி இப்போது உங்களுடையது, உங்கள் பணத்தையே உங்களுக்குத் தரும். விற்கும் புரமோட்டர்களின் சொந்தப் பொறுப்பில் வாங்குங்கள். விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோ கணக்கில் (பொதுவான மூன்றாமவர் பிடித்துவைக்கும் கணக்கு) நிறுத்துங்கள். பட்டியலிட்ட கம்பெனிக்குக் கதையே வேறு. சென்னை இந்தியா சிமெண்ட்ஸில் புரமோட்டர் தரப்பின் 32.72% பங்கை வாங்க அல்ட்ராடெக் 2024-இல் ஒப்பந்தம் போட்டபோது, மற்றப் பங்குதாரர்களுக்கு 26%-க்கு ஓப்பன் ஆஃபரும் (அவர்கள் பங்கையும் வாங்கிக்கொள்ளும் அழைப்பு) கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்லம்ப் சேல் என்பது தொழிலை மட்டும் ஒரே மொத்த விலைக்கு எடுப்பது. ஆர்கிட் கெமிக்கல்ஸ் தன் ஊசிமருந்துத் தொழிலை 2010-இல் ஹோஸ்பிராவுக்குச் சுமார் 40 கோடி டாலருக்குக் கொடுத்தபோது மீதித் தொழில் ஆர்கிட்டிடமே நின்றது. ஒரு பகுதி மட்டும் வேண்டும் என்றால் இந்த வழி பொருந்தும். ஓடும் தொழிலை முழுசாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்கான கிரெடிட்டை ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் லேத் இத்தனை, பிரஸ் இத்தனை என்று தனித்தனி விலை எழுதிவிட்டால் ஸ்லம்ப் சேல் என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். முத்திரைத் தீர்வைக்காக நிலத்துக்குத் தனி மதிப்பு காட்டலாம், அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் முத்திரை 7%, பதிவு 2%; 8 கோடிக்கு 72 லட்சம். முன்னால் சொன்ன 30,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நஷ்டம் விற்றவரிடமே தங்கிவிடும்.

ஸ்லம்ப் சேலில் பழைய பாக்கி வராது என்ற நம்பிக்கைதான் பலரையும் கவிழ்க்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆம் பிரிவு, தொழில் கை மாறும் நாள் வரையிலான பாக்கிக்கு வாங்கியவரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. பிஎஃப் பாக்கிக்கும், வாங்கிய சொத்தின் மதிப்பு அளவுக்கு அதே பொறுப்பு. வருமான வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது விற்ற சொத்தின் மேலும் துறை கை வைக்கலாம். 281-ஆம் பிரிவு அனுமதியை முன்பே வாங்கிவிட வேண்டும்.

தொழிலாளர் விஷயம் இதைவிடப் பெரியது. சேவை அறுபடாமல், நிபந்தனை குறையாமல், பழைய வருடங்களையும் கணக்கில் சேர்த்துப் புது முதலாளி எடுத்துக்கொண்டால் ஒழிய, ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்தாக வேண்டும். 18 வருடம் வேலை செய்தவர், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000. கிராஜுவிட்டி 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கினால் வருடத்துக்கு 15,000, மொத்தம் 2,70,000. இப்படி 140 பேருக்கும் ஆக்சுவரி (இந்த மாதிரி எதிர்காலப் பொறுப்பை மதிப்பிடும் நிபுணர்) கணக்குப் போட்டு விலையில் கழிக்காமல் கையெழுத்திட்டால், பிறகு பணம் தேடி அலைவார்கள், காத்திருப்பது அந்தத் தொழிலாளிதான். இது நடக்கவே கூடாத தவறு, முதல் வாரத்திலேயே செய்துவிடக்கூடிய கணக்கு.

இணைப்பு என்பது ஒரு கம்பெனி இன்னொன்றில் கலந்துவிடுவது. அது நஷ்டத்தையும் சேர்த்துக் கொண்டுவரும், ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 72ஏ பிரிவின் கட்டுப்பாடு கடுமை. சொத்தின் புத்தக மதிப்பில் நான்கில் மூன்று பங்கை 5 வருடம் வைத்திருக்க வேண்டும், தொழிலையும் 5 வருடம் நடத்த வேண்டும், நான்காம் வருட முடிவுக்குள் நிறுவப்பட்ட திறனில் 50% உற்பத்தியை எட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நடக்கும் இணைப்புகளில் நஷ்டத்துக்குப் புதிதாக 8 வருடம் கிடைக்காது, மிச்சமுள்ள வருடங்கள் மட்டுமே. வரிச் சலுகைக்கு, விற்கும் கம்பெனியின் பங்குதாரர்களில் மதிப்பில் நான்கில் மூன்று பங்கினர் புதுக் கம்பெனியில் பங்குதாரர்களாக வர வேண்டும். ரொக்கமாக 20 கோடி கேட்கும் குடும்பத்துக்கு இது ஆகாது. முதலில் பங்கை வாங்கிப் பிறகு இணைத்தால், அந்த நிதியாண்டு முடிவிலேயே 79-ஆம் பிரிவு அந்த 4 கோடியைத் தின்றிருக்கும்.

காலமும் பிடிக்கும். ராஜாஜி சாலை என்சிஎல்டியில் (தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம்) முதல் மனு, கூட்டங்கள், துறைகளுக்கு நோட்டீஸ், 30 நாள் காத்திருப்பு, இரண்டாம் மனு. ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட்டும் ஸ்ரீராம் சிட்டி யூனியனும் 2021 டிசம்பரில் அறிவித்த இணைப்பு நடைமுறைக்கு வந்தது 2022 நவம்பர் கடைசியில். தீர்ப்பாயத்துக்குப் போகாமல், சாஸ்திரி பவனில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநர் வழியாகப் போகும் விரைவு இணைப்பு, 2025 செப்டம்பருக்குப் பிறகு 200 கோடிக்கு மேல் கடன் இல்லாத, தவணை தவறாத பட்டியலிடாத கம்பெனிகளுக்கும் திறந்திருக்கிறது. அதன் கண்ணி வாக்கெடுப்பில் இருக்கிறது: மொத்தப் பங்கில் 90% சம்மதம் வேண்டும், வந்தவர்களில் 90% போதாது. 11% வைத்திருக்கும் ஒரு சித்தப்பா மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு பதிலே போடாவிட்டாலும் திட்டம் விழுந்துவிடும்.

இந்த அம்பத்தூர் கணக்குக்கு என் தேர்வு பங்கு வாங்கல். 4 கோடி நஷ்டம் போவதை விலையில் பேசிக் குறைக்கலாம். நின்றுபோன வெண்டர் கோடை அப்படிப் பேசிச் சரிக்கட்ட முடியாது. பழைய குடும்பம் 20% வைத்துக்கொண்டு தொடர்வதானால், வீட்டோ உரிமை, பங்கை விற்கும் கட்டுப்பாடு இரண்டையும் பங்குதாரர் ஒப்பந்தத்தோடு நிறுத்தக் கூடாது. சங்கவிதியில் (கம்பெனியின் உள் நிர்வாக விதிகள்) இல்லாத கட்டுப்பாடு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ரங்கராஜ் வழக்கில் சொல்லிவிட்டது. முடிக்கும் நாளிலேயே சிறப்புத் தீர்மானம் போட்டுச் சங்கவிதியைத் திருத்தி, அந்தத் தீர்மானத்துக்கான எம்ஜிடி-14 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.