சோனாஃப் பேசிக் ஆர்2: டாஸ்மோட்டா ஏற்றினால் ஊட்டிக்கும் ஒத்துவரும்

ஆடிக் காற்றில் இணையம் அறுந்தால், கம்பெனி சர்வரை நம்பிய சுவிட்ச் ஊட்டி, கோத்தகிரி வீடுகளில் திண்டாடும். சோனாஃப் பேசிக் ஆர்2 என்ற வைஃபை சுவிட்சில் இருப்பது இஎஸ்பி8285 சிப்; அதில் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்றிவிட்டால் வீட்டு வைஃபையே போதும்.

மெயின் வயரை முழுக்கக் கழற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். கணினியைச் சிப்போடு இணைக்கும் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட்டில் இருக்கட்டும். 5 கொடுத்தால் சிப் போய்விடலாம். டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (பெறும் முனை) இரண்டையும் குறுக்காக, ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸுக்கு என இணைத்து, சுவிட்சின் பட்டனை அழுத்தியபடியே மின்சாரம் கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஏற்றியபின் அதன் வைஃபையில் சேர்ந்து, 192.168.4.1 முகவரியில் வீட்டு வைஃபை விவரம் தரலாம்.

அடிக்கடி கரண்ட் போகும் மலையில், டாஸ்மோட்டாவின் கன்சோலில் 'பவர்ஆன்ஸ்டேட் 0' என்ற கட்டளை கொடுப்பது அவசியம். கரண்ட் திரும்பினாலும் தானாக ஆன் ஆகாது. 'பல்ஸ்டைம் 1300' கொடுத்தால், ஆன் செய்த 20 நிமிடத்தில் தானாக அணையும்.

உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே 10 ஆம்பியர்தான், எர்த் முனையும் இல்லை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும்; அந்த எல்லைக்கு மிக அருகில். அதனால் நேரடியாக மாட்டாமல் கான்டாக்டர் (அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய ரிலே) வைத்து ஓட்டுங்கள். வராந்தா விளக்குக்கு அருமை.