பிளாத்தோனஸா, லீசாந்த்ரோஸா?

கிரேக்க நாட்டில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று "நீக்கோ!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலைந்து பையன்கள் திரும்புவார்கள். யோர்கோஸ், யானிஸ், கோன்ஸ்தந்தீனோஸ், திமித்ரிஸ், நீக்கோஸ்: திரும்பிய பக்கமெல்லாம் இந்த ஐந்து பெயர்கள்தான். முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைப்பது இங்கே வழக்கம். அந்தப் பேரன் வளர்ந்து தன் பேரனுக்கு அதையே விட்டுப்போவான். நமக்கு இது புதிதில்லை. தாத்தாவின் பெயரைச் சுமக்கிற பெயரன்தானே பேரன் ஆனான்? கல்யாணமாகி வந்த புதிதில் இதை மாமியாரிடம் சொன்னதும், என்னை ஏதோ தூரத்து உறவுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மூத்தவன் நீக்கோஸ். அதில் பேச்சே இல்லை. இரண்டாமவனுக்கு என் அப்பாவின் பெயர் வர வேண்டும் என்பது இவர்கள் கணக்கு. அப்பா பெயர் சுப்பிரமணியன். மாமியார் பெரிய மனதோடு இரண்டு நாள் சொல்லிப் பழகினார். மூன்றாம் நாள் அப்பாவே தென்காசியிலிருந்து போன் பண்ணி, "வேண்டாம்மா, பிள்ளை பாவம்" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். ஆக, இந்தக் குடும்பத்தில் பல தலைமுறையாக நடக்காதது நடந்தது: ஒரு ஆண் குழந்தைக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். ஊரில் அதிகம் கேட்காத பழைய பெயராகத் தேடினோம்.

மூன்று பெயர்கள் தேறின. ஒரேஸ்திஸ் முதலில் கழிந்தது. மலை என்ற சொல்லில் பிறந்த அழகான பெயர்தான். ஆனால் கிரேக்கப் புராணத்தில் தாயைக் கொன்றவனின் பெயரை, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் கொண்டுவந்து நீட்டினால் எப்படி? போதாததற்கு எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு ஒரேஸ்திஸ் ஓடித் திரிகிறார்கள்.

என் கணவருக்குப் பிடித்தது லீசாந்த்ரோஸ். 'விடுவித்தல்', 'ஆண்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. மனிதரை விடுவிப்பவன் என்று பொருள். கேட்கக் கம்பீரமாக இருக்கும். கிரேக்கம் சுதந்திரம் பெற்ற 19ஆம் நூற்றாண்டில் பழைய காலப் பெயர்களுக்கு ஒரு மவுசு வந்தது. இப்படிப்பட்ட பெயர்கள் மறுபடி புழங்கத் தொடங்கிய காலம் அது. சைப்ரஸ்காரர்களிடம் லீசாந்த்ரூ என்று குடும்பப் பெயராகவே இருக்கிறது. ஏதென்ஸ் பக்கம் அபூர்வம்.

அபூர்வமாக இருப்பதற்கு மாமனார் ஒரு காரணம் சொன்னார். லீசாந்த்ரோஸ் ஸ்பார்ட்டாவின் தளபதி. கி.மு. 405இல் ஏதென்ஸின் கப்பற்படையை அழித்தவர். அடுத்த வருடம் ஏதென்ஸ் பணிந்ததும், அந்நகரையும் பிரேயஸ் துறைமுகத்தையும் இணைத்த நீண்ட மதில்களைக் குழல் வாசிக்க வைத்து இடித்தார்கள். நாங்கள் குடியிருப்பது பிரேயஸில். பத்து வருடம் கழித்து ஏதென்ஸின் தளபதி கோனோன் திரும்பக் கட்டிய மதிலின் மிச்சம் இன்னும் கடலோரத்தில் கிடக்கிறது. சாயங்காலம் நடக்கப் போகும்போது அதன் ஓரமாகத்தான் போவோம். "நம்ம மதிலை இடித்தவன் பெயரா?" என்றார் மாமனார். "அப்பா, 2,400 வருஷம் ஆயிற்று" என்றார் இவர். சரி, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடித்தது பிளாத்தோனஸ். நாம் பாடப் புத்தகத்தில் படித்த பிளேட்டோதான். இங்கத்திய பேச்சில் பெயர் இப்படி ஒலிக்கும். உலகத்துக்கே தெரிந்த பெயர், ஆனால் வைப்பவர் மிகக் குறைவு. சோக்ரத்திஸ் என்று பெயருள்ளவர்கள் நாலு பேரைப் பார்த்திருக்கிறேன், பிளாத்தோனஸ் ஒருவரைக்கூட இல்லை. பொருள் ஒன்றும் தத்துவம் இல்லை: 'அகலம்'. அகன்ற தோளைப் பார்த்து மல்யுத்த ஆசிரியர் வைத்த பட்டப்பெயர் என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு எழுதிய தியோகெனிஸ் லயெர்த்தியோஸ் ஒரு கதை சொல்கிறார். பிளேட்டோவின் சொந்தப் பெயர் அரிஸ்தோக்ளிஸ் என்றும், அது அவருடைய தாத்தாவின் பெயர் என்றும் அதே கதையில் வருகிறது. அறிஞர்கள் இதை முழுதாக நம்புவதில்லை. நான் நம்ப முடிவு செய்துவிட்டேன். தாத்தா பெயரைக் கழற்றி வைத்துவிட்டு நின்ற பேரன் ஒருவன் கிடைத்தானே!

அதே 'அகல'த்திலிருந்துதான் ஊர் நடுவே இருக்கும் பிளாத்தீயா என்ற சதுக்கத்தின் பெயரும் வருகிறது. சதுக்கத்தில் நிழல் தரும் அகன்ற இலை மரம் பிளாத்தனோஸையும் இதே குடும்பத்தில் சேர்ப்பார்கள். பிள்ளை நாள் முழுக்க விளையாடப் போகும் இடத்தில் அவன் பெயரின் வேர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம், பிளேட்டோவின் 'குடியரசு' நூல் தொடங்குவதே சாக்ரடீஸ் பிரேயஸுக்கு இறங்கி வந்த கதையோடுதான். மாமனார் வாயை அடைக்க அது போதுமாக இருந்தது. லீசாந்த்ரோஸ் ஏதென்ஸில் உட்கார வைத்த முப்பது பேர் ஆட்சியின் முக்கியப் புள்ளி கிரித்தியாஸ், பிளேட்டோவின் அம்மாவுக்கு உறவுக்காரர் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

கூப்பிடும்போதும் எனக்கு இதுதான் வசதி. முருகன் என்ற பெயர் விளிக்கையில் முருகா ஆவது போல, கிரேக்கத்திலும் கூப்பிட்டால் பெயரின் வால் மாறும். பிளாத்தோனஸ் பிளாத்தோனா ஆகும், லீசாந்த்ரோஸ் லீசாந்த்ரே ஆகும். என் அம்மாவுக்கு இலக்கணம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே வீடியோ காலில் "பிளாத்தோனா, சாப்டியா கண்ணு?" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் முடிவு செய்தது இதெல்லாம் இல்லை, பெயர்நாள்.

இங்கே பிறந்தநாளை மறந்தால் மன்னிப்பார்கள், பெயர்நாளை மறந்தால் கஷ்டம். பெயருக்குரிய புனிதரின் நாள்தான் அவரவர் பெயர்நாள். அழைப்பு கிடையாது, நாள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் காலையிலேயே போன் வரும், "ஹ்ரோனியா போலா" என்று வாழ்த்துவார்கள். கொண்டாடுகிறவர்தான் மற்றவர்களுக்கு இனிப்புத் தர வேண்டும். டிசம்பர் 6 வந்தால் மூத்தவன் இனிப்புப் பெட்டியோடு வகுப்புக்குப் போவான். அவன் வகுப்பில் மட்டும் மூன்று நீக்கோஸ்.

எங்கள் வீட்டு நாள்காட்டியில் லீசாந்த்ரோஸ் இல்லை. ஸ்பார்ட்டாவின் தளபதி எங்கே புனிதர் ஆவது? அப்படிப்பட்ட பெயர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு நாள் வைத்திருக்கிறார்கள்: சகல புனிதர் ஞாயிறு, ஈஸ்டர் முடிந்து எட்டாவது வாரம். ஈஸ்டரோடு அதுவும் நகரும். 2024இல் ஜூன் 30, 2025இல் ஜூன் 15. இதை ஒரு குழந்தையின் கண்ணால் யோசித்துப் பாருங்கள். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, வகுப்புக்கு இனிப்புக் கொண்டுபோகவே முடியாது. தொடக்கப் பள்ளி ஜூன் நடுவில் மூடிவிடும், பல வருடங்களில் திங்கட்கிழமை கொடுக்கவும் வழியில்லை. அண்ணனுக்கு நிலையான நாள் ஒன்று இருக்க, தம்பி வருடா வருடம் "எனக்கு எப்போ?" என்று கேட்டால் நான் ஈஸ்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பிளாத்தோனஸுக்கு ஒரு புனிதர் இருக்கிறார். தத்துவ ஞானி இல்லை, அங்கீராவில், அதாவது இன்றைய அங்காராவில், உயிர் கொடுத்த மறைசாட்சி. எங்கள் பேட்டைக் குருவானவர் பெயரைக் கேட்டதுமே "நவம்பர் 18" என்றார். அதோடு என் கணவரும் இறங்கி வந்தார்.

இதில் குறையும் உண்டு. அபூர்வமான பெயரின் நாளை யாரும் தானாக நினைவு வைத்திருப்பதில்லை. நீக்கோஸுக்கு முப்பது போன் வந்தால் சின்னவனுக்கு நாலு வரும், அதில் இரண்டு நான் ஞாபகப்படுத்தியதால். பதிவு அலுவலகத்தில் பிளாத்தோன் என்று பழைய வடிவத்தில் எழுதுவதா, பிளாத்தோனஸ் என்றா என்று கடைசி நிமிடத்தில் ஒரு குழப்பம் வந்தது; வெளிநாட்டில் சொல்ல எளிது என்று பழையதையே எழுதினோம். கேலி எப்படி இருக்கும் என்பது இனிதான் தெரியும், அவனுக்கு நாலு வயதுதான் ஆகிறது. கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கும் அன்றைக்கு இந்தப் பெயர் கனக்கலாம். லீசாந்த்ரோஸுக்கு அந்தச் சுமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

போன நவம்பர் 17 அன்று, 1973இல் மாணவர்கள் எழுச்சி நடந்த ஏதென்ஸ் பாலிடெக்னிக் வாசலுக்குப் பூ வைக்கப் போனோம். இந்தக் கட்டடத்தை யார் கட்டியது என்று மூத்தவன் கேட்டான். வடிவமைத்தவர் 1811இல் பிறந்த கட்டடக் கலைஞர், லீசாந்த்ரோஸ் காஃப்தன்சோக்ளு. என் கணவர் அந்த முதல் பெயரை மட்டும் நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சின்னவன் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் வகுப்புக்கு இருபது சாக்லேட் போதுமா, டீச்சருக்கும் சேர்த்து இருபத்தொன்றா என்று எண்ணிக்கொண்டிருந்தான்.