உருண்டையா, கூம்பா? வாய்வழி கெட்டிக்கும் பெரிய ரைஃபிள்களில் எது தேறும்

குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிளோடு பெரிய விலங்கின் எதிரே நிற்பவருக்கு ஒரு வெடிதான் கணக்கு. அது பிசகினால் மருந்தைக் கொட்டி, மசகு தடவிய துணியில் குண்டை வைத்து, இடிகோலால் அடிவரை இறக்கி, மருந்தைப் பற்றவைக்கும் கேப் என்ற சிறு மூடியை மாட்ட அரை நிமிடமாவது பிடிக்கும். காயம்பட்ட காட்டெருமை அதுவரை காத்திருக்காது. ஆகவே அந்த ஒரு வெடியில் உருண்டைக் குண்டை அனுப்புவதா, கூம்புக் குண்டை அனுப்புவதா என்ற சண்டை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி இன்னும் ஓயவில்லை.

முதலில் எடை. உருண்டையைக் கனமாக்க ஒரே வழி, குழலை அகலமாக்குவது. அரை அங்குலக் குழலுக்கான உருண்டை சுண்டைக்காய் அளவுதான், சுமார் 11.5 கிராம். 12 போர் (குழல் அகலத்தைச் சொல்லும் பழைய அளவு) என்றால் 18.5 மில்லிமீட்டர், 38 கிராம். 4 போர் குண்டு நெல்லிக்காய் அளவு. விட்டம் 27 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை 113 கிராம். (ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாமோ அதுதான் போர் எண். அதனால்தான் எண் குறையக் குறையத் துப்பாக்கி பெருக்கிறது.) விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு. கூம்புக் குண்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதே அரை அங்குலக் குழலில் குண்டை நீட்டி வார்த்தால் 25 கிராமைத் தாராளமாகத் தொடலாம்.

இதை மட்டும் பார்த்தால் கூம்பு ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளத்தின் முறுக்கு கணக்கை மாற்றிவிடுகிறது. நீளமான குண்டு தலைகுப்புறப் புரளாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். இன்றைய ரைஃபிள்களில் 28 அல்லது 32 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். அந்த வேக முறுக்கில் உருண்டையை வைத்து மருந்தைக் கூட்டினால், குண்டு பள்ளத்தைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு நேராக ஓடிவிடும். அப்புறம் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. 48 அங்குல முறுக்கு இரண்டுக்கும் பொது என்று விற்கிறார்கள். சமாளிக்கலாம், ஆனால் இரண்டுக்குமே முழுப் பொருத்தம் இல்லை.

மத்திய இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஜேம்ஸ் ஃபார்சைத் 1860களில் பிடித்த பிடி இதுதான். அவர் பரிந்துரைத்த 14 போர் ரைஃபிளின் முறுக்கு 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலை விட்டு வெளியே வருவதற்குள் குண்டு கால் சுற்றுக்கு மேல் கொஞ்சம்தான் திரும்பியிருக்கும். அதனால் மருந்தைத் துணிந்து கூட்டலாம். குண்டு வேகமாக, ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். காட்டில் 80 கஜத்தை 120 என்று தப்பாக எடைபோடாத ஆள் கிடையாது. நேராகப் பறக்கும் குண்டு அந்தத் தப்பை மன்னிக்கும். அதே காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்டு ரைஃபிளைப் பாருங்கள்: 34 கிராம் கூம்புக்கு வெறும் 4.5 கிராம் மருந்து. குண்டு மெதுவாக, வில்லாக வளைந்து போகும். போர்க்களத்துக்குச் சரி, புதருக்குள் நிற்கும் புலிக்கு ஆகாது.

இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் இரண்டு பக்கமும் கால் வைத்தார். 1840இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்ற துப்பாக்கி செய்பவரிடம் அவர் செய்வித்த ரைஃபிள் 9.5 கிலோ. குழலில் இரண்டே பள்ளங்கள். உருண்டையின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை வார்த்து அதைப் பள்ளத்தில் கோத்து இறக்குவார்கள், வழுக்கவே வழியில்லை. உருண்டை 85 கிராம், கூம்பு 113 கிராம், மருந்து 28 கிராம். என்ஃபீல்டைவிட ஆறு மடங்கு! தோள் என்ன ஆகும் என்று கேட்க வேண்டாம்.

ஃபிரெடரிக் செலூஸ் முறுக்கையே தூக்கிப் போட்டார். 1870களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதிகளில் அவர் பயன்படுத்தியது வரிப்பள்ளமே இல்லாத 4 போர், எடை 6 கிலோவுக்கும் குறைவு. பையிலிருந்து மருந்தைக் கையால் அள்ளிக் கொட்டுவார், குண்டை உள்ளே விடுவார், அவ்வளவுதான். கெட்டிக்கும் வேகத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. யானைகள் 78 விழுந்தன. ஒருமுறை வெடிக்காமல் போன துப்பாக்கியில், பழைய மருந்து உள்ளே இருக்க, உதவியாள் அதன்மேலேயே மறுபடி கெட்டித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த வெடி செலூஸைத் தரையில் தள்ளியது. இந்தத் துப்பாக்கிகளின் உதை தன் நரம்புகளையும் குறிபார்த்துச் சுடும் திறனையும் கெடுத்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே நொந்துகொண்டார். எனக்கு இந்த வகை வேண்டாம்.

என் தேர்வு குழலின் அகலத்தைப் பொறுத்தது. அரை அங்குலக் குழலில் பெரிய விலங்கு என்றால் கூம்புதான். அமெரிக்காவின் கொலராடோவில் வாய்வழி ரைஃபிள் பருவத்தில் எல்க் மானுக்கு இந்த அரை அங்குலமே குறைந்தபட்ச குழல் அளவு. சுண்டைக்காய் உருண்டை 100 கஜம் போவதற்குள் வேகத்தில் பாதியை நெருங்க இழந்துவிடும். தோள் எலும்பில் பட்டால் தட்டையாகி நின்றுவிடவும் கூடும். கூம்பு மெதுவாகக் கிளம்பினாலும் கனத்தால் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். 16 போருக்கு மேல் அகலம் கிடைத்தால் பேச்சே வேறு. அடர்ந்த காடு, 80 கஜத்துக்குள் வெடி என்றால் ஃபார்சைத் பக்கம்தான் நிற்பேன். அங்கே உருண்டைக்குக் கனமும் உண்டு, வேகமும் உண்டு. தடித்த தோலுக்கு மட்டும் ஈயத்தில் கொஞ்சம் தகரம் கலந்து கெட்டிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒற்றைக் குழலா இரட்டையா என்றால், ஆபத்தான விலங்குக்கு இரட்டைதான். ஒரு சிக்கல் உண்டு. முதல் குழலின் உதையில் இரண்டாம் குழலின் குண்டு மருந்தை விட்டு மேலே நகர்ந்துவிடலாம். அந்த இடைவெளியோடு சுட்டால் குழலே வெடிக்கும். சுட்ட குழலை மறுபடி கெட்டிப்பதற்கு முன், இன்னும் சுடாத குழலின் கேப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இடிகோலை விட்டு, குண்டு சரியாக இறங்கியிருந்தபோது கோலில் போட்ட கோடு குழல் வாயோடு பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும்.