டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் என்பது ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்கள்) மிகப் பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி பரிமாற உதவும் கணினி மென்பொருள். பால்கனியில் ஒரு கம்பி ஆன்டெனா, 5 வாட் ரேடியோ, பழைய மடிக்கணினி. நியூ ஜெர்சியில் எங்கள் அடுக்ககத்தில் இவ்வளவுதான் வைக்க முடியும். போன மாதம் ஒரு விடியற்காலை 14.074 மெகாஹெர்ட்ஸில் இந்தியாவின் வி.யு.2 நிலையம் (அங்குள்ள ஹாம் அழைப்புப் பெயரின் தொடக்கம் அது) ஒன்று மாட்டியது. சிக்னல் அளவு மைனஸ் 19 டெசிபல். காதுக்கு வெறும் இரைச்சல். திரையில் 'ஆர்.ஆர்.73' ('கிடைத்தது, வாழ்த்துகள்') வந்து விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

மென்பொருள் இலவசம். நான் அதிகம் பயன்படுத்துவது அதிலுள்ள எஃப்.டி.8. பல்சார் என்னும் துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993இல் நோபல் வாங்கிய, ஓய்வுபெற்ற பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017இல் கொண்டுவந்த, செய்தி அனுப்பும் முறை. ஒரு செய்திக்கு 15 விநாடி. 50 ஹெர்ட்ஸ் அகலம் போதும். இரு பக்கக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்; பிசகினால் திரையில் ஒரு வரியும் வராது. என் மடிக்கணினி 3 விநாடி பிந்தியிருந்தது தெரியாமல் ஒரு மாலை முழுக்க ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினேன். முதலில் நேரத்தைப் பாருங்கள்.

அரட்டைக்கு ஆகாது. நம் இஷ்டத்துக்கு எழுத 13 எழுத்துதான்.

இருந்தாலும் 5க்கு 5 தருகிறேன். காரணம், இதில் ஒளிவுமறைவே இல்லை. மூலநிரல் திறந்திருக்கிறது; செய்தியைக் குறியீடாக்கும் நெறிமுறை 2020இல் கியூ.இ.எக்ஸ். என்ற ஹாம் தொழில்நுட்ப இதழில் வந்துவிட்டது. செய்திக்கு 77 பிட், பிழையைக் கண்டுபிடிக்க 14, திருத்த 83. அந்தக் கட்டுரையை மேசையில் விரித்துவைத்து, என் மகள் ஒரு கோடை விடுமுறையில் பைத்தானில் தானே டிகோடர் (சிக்னலைத் திரும்ப எழுத்தாக்கும் நிரல்) எழுதினாள்.

சட்டமும் இதைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும். 2023 நவம்பரில் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) குறுஅலையில் பழைய 300 பாட் (விநாடிக்கு 300 குறியீடு) வரம்பை எடுத்துவிட்டு, 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பு வைத்தது. நல்ல முடிவு, வேகமான மோடம்களுக்கு வழி பிறந்தது. ஆனால் டிஜிட்டல் குறியீட்டின் தொழில்நுட்பத் தன்மைகள் பொதுவில் ஆவணமாக இருக்க வேண்டும் என்கிற, எஃப்.சி.சி.யின் ஹாம் விதிகளான 97ஆம் பகுதியில் உள்ள விதி, அந்த ஆவணம் எவ்வளவு முழுமையாக இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய வேறொரு மோடம் மென்பொருளுக்கும் ஆவணம் உண்டு. அதைப் படித்து யாரும் டிகோடர் எழுத முடியாது. அதில் இருவர் பேசினால் மூன்றாம் ஆளுக்குக் கரகரப்புதான் மிச்சம். அலைவரிசையை ஹாம்களே கண்காணிக்க வேண்டும் என்றால், காதில் விழுவது என்னவென்று எங்களுக்குப் புரிய வேண்டாமா? ஆவணத்தை மட்டும் வைத்து வெளியாள் ஒருவர் டிகோடர் எழுத முடிகிறதா என்று பார்த்து அனுமதி கொடுக்கட்டும்.

புதிதாக வருபவர்கள் முதல் வாரம் எதையும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். இங்கே கேட்பதற்கு உரிமம் வேண்டாம்.